பாவுலினாவுக்கு ஆறு மாதம்

புராட்டஸ்டன்ட் சபைகள் பிறந்ததைக் கொண்டாடும் சீர்திருத்த ஞாயிறு நெருங்கிவிட்டால் பாஸ்டர் எலியு இஷ்கோட்டைக் கையில் பிடிக்க முடியாது. ஐந்நூறு வருஷத்துச் சபை வரலாறும் அவர் நாக்கு நுனியில் நிற்கும். "திருவிருந்தின் திராட்சரசப் பாத்திரத்தைக் குருமார்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். நாம்தான் அதை ஜனங்கள் கையில் திருப்பிக் கொடுத்தோம்!" என்று வருஷா வருஷம் மார்தட்டுவார். எதிர்வீட்டுக் கத்தோலிக்கர்கள் காதிலும் விழட்டும் என்று ஒலிபெருக்கியை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பார்.

இந்த வருஷம் சொந்தச் சபையின் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பழைய நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். பதினாறு வருஷத்துக்கு முந்தைய பக்கம், அவருடைய கையெழுத்து: 'மகள் கல்யாணத்தில் விதியை மீறி மரிம்பா வாத்தியம் வாசிக்க வைத்து ஆடிய சகோதரி பாவுலினாவுக்கு ஆறு மாதம் ஒழுங்கு நடவடிக்கை. கடைசி பெஞ்சு. திருவிருந்து கிடையாது.'

தவணை முடிந்ததும் பாஸ்டர்தான் மேடையிலிருந்து அறிவித்து அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அந்தக் குறிப்பைத் தேடினார். அடுத்த பக்கத்தில் இல்லை, அடுத்த வருஷத்தில் இல்லை, அடுத்த புத்தகத்திலும் இல்லை. அவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

பாவுலினா இன்றைக்கும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறாள். திருவிருந்து அப்பத் தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள், அதைக் கொண்டுவரும் சபை மூப்பர்களும் பழக்கத்தில் தாண்டிப் போவார்கள். அந்த அம்மாவுக்குப் பயபக்தி ஜாஸ்தி என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. அப்போதே அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

பாவுலினா வாசலில் உட்கார்ந்து கறுப்பு பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க தண்டனை ஆறு மாசம்தான். முடிஞ்சுதுன்னு நான் சொல்லவே இல்ல. மறந்துட்டேன்."

அவள் கை நின்றது. "மறந்துட்டீங்களா? நான் ஆடுனது உங்க மனசுல இன்னும் ஆறலன்னுல்ல நெனச்சேன்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"தண்டனைல இருக்கறவ வந்து, எப்ப விடுவீங்கன்னு கேட்டா சும்மா இருந்திருப்பீங்களா? இன்னொரு ஆறு மாசம் போட்டிருப்பீங்க."

போட்டிருப்பார். அது அவருக்கே தெரியும்.

"வர்ற ஞாயித்துக்கெழமை மேடையிலயே அறிவிக்கிறேன். மொதல்ல தட்டு உங்களுக்குத்தான்."

"எனக்குக் குடுத்துடுவீங்க. தோரிபியோவுக்கு?"

தோரிபியோ அவள் புருஷன். அவன்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. பெண்டாட்டி தனியாக உட்காரக் கூடாது என்று அவனும் கடைசி பெஞ்சுக்குப் போனான். தட்டு வந்தால் அவனும் வேண்டாம் என்று தலையசைப்பான். எட்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டுச் செத்துப்போனான். அடக்கத்தன்று எலியு, 'கர்த்தருடைய பந்தியில் ஆசை குளிர்ந்துபோன நம் சகோதரனைப் பார்த்து எச்சரிக்கையாவோம்' என்று பிரசங்கம் பண்ணினார், பாவுலினாவை எதிரே வைத்துக்கொண்டு.

"அடுத்த மாசம் பாஸ்டர் கூப்புடுவாரு, சேர்ந்தே போவோம்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றாள்.

எலியு கூனிக்குறுகிப் போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாத்தையும் சபை முன்னால சொல்லிடறேம்மா. நான் மறந்தது, அவரப் பத்தி வாய்க்கு வந்ததப் பேசினது, எல்லாம்."

"சொல்லுங்க. வர்றேன்." அவள் மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். "ஆனா, பாஸ்டர், தட்ட நீங்க கொண்டு வராதீங்க. வேற யாராச்சும் கொண்டு வரட்டும்."