மேட்டு லயத்து மாத்திரை

ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு மணி அடிப்பதற்குள் மாத்திரை கொடுத்து முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் செல்லசாமிக் கங்காணி டிஸ்பென்சரி வாசலிலேயே வந்து நின்று சத்தம் போடுவார். அதனால் டோரீன் விடியும்போதே கதவைத் திறந்து, மேசையை விறாந்தைக்கு இழுத்துப்போட்டு, இரண்டு டின்களையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்து வைத்துவிடுவாள். வலது பக்கம் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள், இடது பக்கம் பள்ளத்து லயத்துப் பெண்கள்; ஒரு பக்கத்துக்கு ஒரு டின். கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகில் காலிக் கூடையோடு, பனிக்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நிற்பார்கள்.

"வாயத் தெறங்க. நாக்கத் தூக்குங்க. ம், போங்க."

அன்று வீரம்மாவின் முறை வந்தபோதும் டோரீன் அப்படித்தான் சொன்னாள். வீரம்மா தண்ணீர் குடித்தாள், வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் படியிறங்கிப் போனவள் கம்பளிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைவாயில் விரலை விட்டதை டோரீன் பார்த்துவிட்டாள். சிவப்பாக ஏதோ ஒன்று முந்தானை முடிச்சுக்குள் போயிற்று.

கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பெண்கள் கலைந்து மலைக்கு ஓடினார்கள்.

டோரீன் ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பத்திநாதனின் மகள். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் கணேசமூர்த்தி, தோட்டத்துப் பெண்களின் சோகை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்ய எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டுமென்று கேட்டபோது, வாத்தியார் தன் மகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். வேலை ஒழுங்காக முடிந்தால் கண்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசு செய்வதாக டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சாகத்தான் இருந்தது.

முதல் நாளே டொக்டர் அவளை உட்காரவைத்து விளக்கியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்.

"ரெண்டு டின்னிலயும் இருக்கிற குளிசை பார்வைக்கு ஒண்டுதான். ஒண்டில இரும்புச்சத்து இருக்கு. மற்றதில வெறும் மா. எது எதெண்டு உமக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். இரத்தத்தைப் பார்க்கிற கண்ணும் சாயும்."

"எல்லாருக்கும் நல்லதையே குடுத்திடலாமே சேர்?"

"குடுக்கலாம். பிறகு தோட்டச் சொந்தக்காரர் கேப்பினம், குளிசையாலதான் தேறினவையோ, அரிசி நல்லாக் கிடைச்சதால தேறினவையோ எண்டு. முந்தியும் இப்பிடி ஆராய்ச்சி செய்தவை. கவனமில்லாமல் செய்ததால ஒருத்தரும் நம்பேல்லை. இந்த முறை ஒருத்தரும் குறை சொல்லேலாத மாதிரிச் செய்யவேணும். வித்தியாசம் தெளிவாத் தெரிஞ்சால், மலைநாட்டில இருக்கிற எல்லாத் தோட்டத்திலயும் குடுக்க வைக்கலாம். தெரியாட்டி ஒருத்தருக்கும் இல்லை."

அந்தக் கடைசி வார்த்தைதான் அன்று முழுவதும் டோரீனின் காதில் இருந்தது.

மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடிந்ததும் பள்ளத்து லயத்துக்கு இறங்கிப் போனாள். வீரம்மா மேட்டு லயத்துக்காரி. ஆனால் அந்நேரத்துக்கு அவள் தன் தம்பி குடியிருக்கும் காம்பராவில்தான் இருப்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி பெண்சாதி ராக்காயி முழுகாமல் இருந்தாள். பள்ளத்து லயத்து வரிசையில் தினமும் கடைசியாக வந்து நிற்பவள் அவள்தான். ஏற்றம் ஏறி வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

காம்பராவுக்குள் அடுப்புப் புகை அடைந்து கிடந்தது. ராக்காயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, முகம் உப்பியிருந்தது. அவள் கை எட்டுகிற உயரத்தில் சுவரின் மண்பூச்சு குழி குழியாகப் பெயர்ந்திருந்தது. வாயோரத்தில் ஒட்டியிருந்த மண்ணை அவள் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். வீரம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டோரீனைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"மாத்திரய முழுங்கலையா நீங்க?"

வீரம்மா ஒளிக்கவில்லை. சிவப்பு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக் காட்டினாள். எச்சில் பட்டு நிறம் மங்கியிருந்தது.

"சொல்ல வெக்கமாத்தான் இருக்கு மிஸ்ஸி. எங்க லயத்துல மாத்திர முழுங்குற எல்லாருக்கும் வெளிக்குப் போனா கருப்பாத்தான் போகுது, தாரு மாதிரி. இவுங்க லயத்துல ஒருத்திக்கும் அப்பிடி இல்ல. பீலிக்கரையில துணி தொவைக்கிறப்ப பேசிக்கிட்டோம், அப்பத்தான் தெரிஞ்சிச்சு. எங்களுக்கு மல ஏறுனா மூச்சு வாங்குறதும் கொறஞ்சிருச்சு. இவளுகளுக்குக் கொறையல."

"அதுக்காக?"

"எங்க மாத்திரையிலதான் மருந்து இருக்கு மிஸ்ஸி. இவ வயித்துல இருக்கிறது என் தம்பி புள்ள. நான் முழுங்கிட்டு, இவ மண்ணத் திங்கிறதப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"நீங்க மட்டுந்தானா, இன்னும் யாரும் குடுக்குறாங்களா?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ராக்காயிதான் மெல்லச் சொன்னாள். "அந்த லயத்துல பொண்ணு குடுத்து எடுத்தவங்கதான மிஸ்ஸி நாங்க எல்லாரும். அக்கா தங்கச்சிக்கு, மாமியா மருமகளுக்கு... அவங்கவங்களுக்கு முடிஞ்சத மாத்திக் குடுத்துக்குறாங்க."

திரும்பி ஏறும்போதுதான் டோரீனுக்கு முழுவதும் விளங்கியது. ஒருவர் கண்ணிலும் படாமல் ஆராய்ச்சி முழுவதும் குழம்பிக் கிடக்கிறது. பள்ளத்து லயத்தின் இரத்தமும் தேறினால், வித்தியாசம் எப்படித் தெரியும்? வித்தியாசம் இல்லையென்று டொக்டர் எழுதிவிட்டால், எத்தனை தோட்டத்துப் பெண்களுக்கு மருந்து இல்லாமல் போகும்? சொன்னால் என்ன ஆகும்? கண்டிக்குப் போகிற கனவு இன்றோடு சரி. பார்த்துக்கொள்ளத்தானே அவளை வைத்தார்கள்?

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து மாத்திரை போட்ட ஒவ்வொருத்தியையும் மறுபடி தண்ணீர் குடிக்க வைத்தாள். கடைவாயில் தன் விரலைவிட்டுப் பார்த்தாள். விறாந்தைப் படியில் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் அனுப்பினாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் முன்பெல்லாம் "மிஸ்ஸி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனவர்கள், இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். வீரம்மா மட்டும் ஒருநாள் படியில் உட்கார்ந்தபடி, "முழுங்கிட்டேன் மிஸ்ஸி, சந்தோசமா?" என்று கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ராக்காயி மலையில் விழுந்துவிட்டாள். தேயிலை நிரையின் உச்சியில், கூடை நிறைந்திருந்த நேரம். படங்குச் சாக்கில் கிடத்தி நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டோரீன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் காகிதம்போல வெள்ளையாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்தக் கையின் குளிர்ச்சி தன் கைக்கும் ஏறுவதுபோல இருந்தது. விரலைவிட்டுப் பார்த்த அத்தனை வாய்களும் நினைவுக்கு வந்தன.

இரத்தம் பார்ப்பதற்காக டொக்டர் நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கி ஜீப்பில் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. நாள் முழுவதும் விரலில் ஊசி குத்தி, கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசிப் பெண் போனதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார்.

"ரெண்டு பக்கமும் இரத்தம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏறிக் கிடக்கு, டோரீன். குளிசையால பெரிசாப் பிரயோசனம் இல்லைப் போலக் கிடக்குது."

டோரீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு சேர். பிரயோசனம் இருக்கு. அவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். கருப்பாகப் போவதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தாள். தான் விரலைவிட்டுப் பார்த்ததையும் ராக்காயி விழுந்ததையும் சொன்னாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கமும் கருப்பாப் போகட்டுமெண்டு மாக் குளிசையில கொஞ்சம் கரி கலக்கச் சொன்னனான்," என்றார் டொக்டர் கடைசியில். "செய்தவன் கலக்கேல்லை. நானும் பார்க்காமல் வாங்கி வந்திட்டன்."

"என்மேலயும் தப்பு இருக்கு சேர். தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"இப்பவாவது சொன்னீர். சொல்லாமல் விட்டிருந்தால் பிழையைத்தான் எழுதி அச்சடிச்சிருப்பன். அதை வைச்சே எல்லாத் தோட்டத்துக்காரரும் மறுத்திருப்பினம்." அவர் எழுந்து மழையைப் பார்த்தபடி நின்றார். "இந்தத் தோட்டத்தை விடவேண்டியதுதான். உடப்புசல்லாவைப் பக்கம் ரெண்டு தோட்டம் கேட்டு வைச்சிருக்கிறன். தூரத் தூர இருக்கிற தோட்டங்கள். அங்க முதலில இருந்து தொடங்குவம்."

"அப்ப இந்தப் பொம்பளைங்க?"

டொக்டர் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"துரை சொல்லுறார், ஆராய்ச்சி முடிவு வரட்டும், பிறகு யோசிப்பமெண்டு. முடிவில்லாத மருந்துக்குத் தோட்டம் செலவழிக்காதாம்."

"டின்னுல மிச்சம் இருக்கே சேர்? அதையாவது வச்சிட்டுப் போகலாமே?"

"அதை நம்பித்தான் அங்க தொடங்கப் போறன். இனி வாங்கக் காசில்லை. நடுவில குறைஞ்சுபோனால் அதுவும் பழுதாப் போயிடும். பிறகு இஞ்சயும் இல்லை, அங்கயும் இல்லை." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே ராக்காயிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதை வாங்கிப் பார்த்து, சனிக்கிழமை லொறி போகும்போது அனுப்புவதாகச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு டொக்டர் சொன்னார். "நீரும் என்னோட அங்க வாரும். உள்ளதை உள்ளபடி சொல்லுற ஒரு ஆள்தான் எனக்கு வேணும். கண்டிக்கும் நான் எழுதுவன்."

வாத்தியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. டோரீன் பெட்டியில் துணிகளை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடியும் அடுக்கினாள்.

மறுநாள் காலையும் மழை விடவில்லை. டிஸ்பென்சரிக்கு வரும் ரோட்டில் மண் சரிந்து, ஜீப் கீழே பாலத்தடியிலேயே நின்றுவிட்டது. சாமான்களைத் தூக்கிக்கொண்டுபோக ஆள் வேண்டுமென்று டொக்டர் சொல்லியனுப்பினார். செல்லசாமிக் கங்காணி கொழுந்துக்காரர்களை மலையிலிருந்து எடுக்க முடியாது என்றார். லேசு வேலையில் போட்டிருந்த பெண்களை அனுப்பினார். முழுகாமல் இருப்பவர்கள், வயதானவர்கள், மலையேற முடியாதவர்கள். நாலாவதாக வந்தவள் ராக்காயி.

கண்ணாடிக் குழாய்ப் பெட்டியை டொக்டர் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். தராசு ஒருத்தி தலையில் போயிற்று, நாற்காலியும் மேசையும் மற்ற இருவர் தலையில். டின்களை வைத்துப் பூட்டிய மரப்பெட்டி ராக்காயியின் தலைக்கு வந்தது.

டோரீன் அவளுக்குப் பின்னால் இறங்கினாள். வழுக்குகிற இறக்கம். ராக்காயி ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு முடக்கிலும் நின்றாள். நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சு மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது.

"இங்க குடு ராக்காயி. நான் தூக்குறேன்."

"வேணாம் மிஸ்ஸி. கங்காணி மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. அரைப்பேருதான் போடுவாரு, பாதிக் கூலி." கொஞ்சம் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "இது நம்ம மாத்திரதான?"

டோரீன் ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

ராக்காயி அடுத்த அடி வைத்தாள். கால் சறுக்கிற்று. பெட்டி சாய்ந்து, உள்ளே மாத்திரைகள் ஒரு பக்கமாகச் சரிந்து கலகலத்தன. அவள் வயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தாள்.

"ஏய் புள்ள, பாத்து!" என்று மேலேயிருந்து கங்காணி கத்தினார். "மருந்துடி அது. கீழ போட்டுறாத!"

ராக்காயி பெட்டியை நேராக்கிக்கொண்டாள். கீழே பாலத்தடியில் ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. வெளுத்த விரல்களால் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி, பாதத்தைப் பதித்துப் பதித்து, மழைக்குள் அவள் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.