இடது பக்கத்து ஸ்டூல்

மேத்யூ, தன் அண்ணனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கப் பார்த்தான். விட்டதும் அது இடப்பக்கமே சாய்ந்தது. ஐஸ்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. முகம் நேராக இருந்தால்தான் உள்ளே வைப்பேன் என்று நின்றான்.

சிலுவையம்மாள் ஸ்டூலை விட்டு எழவில்லை.

பக்கவாதத்தில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனை வீட்டுக்கு அனுப்பியபோது, பிசியோதெரபி பெண் ஞானசெல்வி அவளுக்கு ஒன்றைப் படித்துப் படித்துச் சொன்னாள். இன்னாசிக்கு இடது கை கால் போனது மட்டுமில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. சாப்பாடு, பேச்சு எல்லாம் அந்தப் பக்கமிருந்தே வரட்டும். தேடித் திரும்பட்டும்.

அன்றைக்கே கட்டிலை மாற்றிப் போட்டாள். கதவு, டிவி, அவள் ஸ்டூல் எல்லாம் அவருக்கு இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் சுவர். ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷன் அந்தச் சுவரையே பார்த்துக் கிடந்தார். தட்டில் இடப்பக்கத்துப் பாதிச் சோற்றை அப்படியே விட்டார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் தின்றார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், புருஷனைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு டிவி பார்க்கிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். மேத்யூ ஒருநாள் கட்டிலைப் பழையபடி திருப்பியே வைத்தான். அவன் போனதும் தனியாளாக இழுத்து மாற்றினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாற்பது நாள் அந்தக் காதருகே பேசினாள். வவ்வால் மீன் விலை, லாரித் தண்ணீர், பக்கத்து வீட்டுச் சண்டை. அவர் திரும்பவில்லை. இந்தாளுக்கு என் மூஞ்சியே பிடிக்கவில்லை போல என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அடுப்படியில் போய் நின்றாள்.

இன்று காலை கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்தபோது முகம் இந்தப் பக்கம் இருந்தது. கண் திறந்து, ஸ்டூலைப் பார்த்தபடி. ஸ்டூலில் யாருமில்லை. மூச்சும் இல்லை. கண்ணை அவள்தான் மூடினாள். தலையைத் தொடவில்லை.

"கய்த்து வெறச்சிக்கினுகீது அண்ணி. ஒரு துண்டு குடு, கட்டிட்டா நேரா நிக்கும்."

"வுட்ரு மேத்யூ."

"ஜனம் இன்னா சொல்லும்? கடைசி வரிக்கும் கோணலாவே வெச்சிகினு இருந்தாங்கன்னும்."

"நாப்பது நாளா இதுக்குத்தான்டா ஒக்காந்துகினு இருந்தேன்."

மேத்யூ கையை எடுத்தான். தலையை அப்படியே விட்டுப் பெட்டியில் வைத்து மூடியதும், ஸ்டூலைத் தூக்கிவந்து அண்ணனின் இடப்பக்கம் அவனே போட்டான்.

ஜனம் வரத் தொடங்கியது. பெட்டியின் கண்ணாடியில் பனி படியப் படிய, சிலுவையம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும்.