நட்சத்திரம் போடாத வரி

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் பரீதா இன்டர்நெட் கடைக்குள் நுழைந்தால், புஷ்பவதி முதலில் காற்றாடியை அவளுடைய கதிரைப் பக்கம் திருப்பிவிடுவாள். கிண்ணியாத் துறையில் காத்து நின்று, பாதைப் படகில் கடந்து, மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறித் திருகோணமலைக்கு வருகிறவள். முக்காட்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மனுசன் வந்துட்டாரா?" என்பாள், ஏதோ அவளுடைய புருசன் அபூதாஹிர் கட்டாரில் இல்லை, கணினிக்குப் பின்னால் நிற்கிறான் என்பதுபோல.

பரீதாவுக்குத் தட்டச்சுத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, கடையில் வேலை செய்யும் புஷ்பவதி ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். அபூதாஹிருக்கும் தெரியாது. அங்கே அவனுடைய அறைத்தோழன், திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவு ஆனந்தராசா, வந்ததை உரக்க வாசித்துக் காட்டி, அவன் சொல்வதைத் திருப்பி அடிப்பான். புருசனும் பெண்சாதியும் யோசிக்கிற இடைவெளியில் அடிக்கிற இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை புஷ்பவதி தன்பாட்டில், "எலி வயரைக் கடிச்சுப்போட்டுது" என்று எழுத, ஆனந்தராசா அதையும் வாசித்துவிட, அபூதாஹிர் தன் வீட்டில் எலி புகுந்ததென்று ஒரு கிழமை கவலைப்பட்டான். அன்றிலிருந்து ஓர் ஒழுங்கு: சொந்தக் கதைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. குறி இருந்தால் உரக்க வாசிப்பதில்லை.

அந்தக் குறிக்குப் பின்னால்தான் எத்தனை கதைகள்! ஆனந்தராசாவின் அலுவலகத்தில் ஏசி நின்றால் கணினியும் நின்றுவிடுமாம். இவளுடைய மொடம் மழைக்காலத்தில் மூச்சுவாங்கும். அவன் சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கிறவன். அது மருந்தா தேத்தண்ணியா என்று இவள் கேட்டாள். சூடை மீனைப் பொரிப்பதா, சொதி வைப்பதா என்று மூன்று வெள்ளிக்கிழமை சண்டை. தன் முப்பத்தொரு வயதில், ஒரு மனிதன் தன்னிடம் இப்படி ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பது அவளுக்குப் புதிது. வெள்ளிக்கிழமைகளில் நல்ல சட்டை போடத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஆனி மாதம் ஊர் நன்றாக இல்லை. சமாதானம் என்ற பெயர் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு வெள்ளி, பரீதா கதிரையில் அமர்ந்ததுமே திரையில் வரி வந்தது. புஷ்பவதி வாசித்தாள்.

"பரீதா, நான் புது வேலைக் கொந்தராத்துக்குக் கையெழுத்து வெக்கல்ல. அடுத்த மாசம் வாறன். கையெழுத்து வைங்க எண்டு நீங்க வாயால சொன்னாலும், கடைசியா எப்ப ஊருக்கு வாறீங்க எண்டு கேட்டீங்களே, நாலு வருசத்துல முதல் தரம். ராவு முழுக்க நித்திர இல்ல."

பரீதா நிமிர்ந்தாள். "நான் எப்ப புள்ள கேட்டன்?"

புஷ்பவதிக்குச் சட்டென்று பிடிபட்டது. போன வெள்ளி. பரீதா பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். விடுமுறை கிடைக்கும்போல இருக்கிறது என்று ஆனந்தராசா எழுதியிருந்தான். மனம் துள்ளிய அவசரத்தில் ஒரு கேள்வியை அடித்து அனுப்பினாள். உடனே மின்சாரம் போய்விட்டது. குறி போட்டாளா? போட்ட ஞாபகம் இல்லை.

"அது நான் கேட்டது, அக்கா."

"என்ட மனுசனயா?"

"ஐயோ, இல்லை! அந்த... எழுதிற ஆளை."

பரீதா அவளையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி கள்ளி! என்ட காசில காதலா?" சிரிப்பு பாதியில் நின்றது. கடலோரப் பக்கம் எங்கோ ஒரு வெடிச்சத்தம். மேசையிலிருந்த கண்ணாடிக் குவளை சிணுங்கியது.

"பிழை நடந்திட்டுது எண்டு இப்பவே எழுதிறன், அக்கா. அவர் கையெழுத்து வைக்கட்டும்."

"பொறு புள்ள." பரீதா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். "நான் ஏன் கேக்கல்ல எண்டு தெரியுமா? கேட்டா வந்துருவார். இஞ்ச ஆம்புளயள் வெளிக்கிட்டா வீடு வந்து சேருற வரைக்கும் நமக்கு உசிர் இல்ல. அங்க இருந்தா உசிரோட இருக்கார் எண்டு படுக்கலாம்." திரையை எட்டிப் பார்த்தாள். "ராவு முழுக்க நித்திர இல்லயாமா?"

"ஓம். அப்பிடித்தான் எழுதியிருக்கு."

திரையில் அடுத்த வரி வந்தது: "இருக்கீங்களா? வரட்டா?"

புஷ்பவதி விசைகளின்மேல் கைகளை வைத்துக் காத்திருந்தாள். தன் விரல்கள் செய்த பிழையில் ஒரு மனிதன் கப்பலும் காவலரணும் நிறைந்த இந்த ஊருக்குள் வந்து இறங்கப்போகிறான். பரீதா வேண்டாமென்றால் ஒரு நொடியில் நிறுத்திவிடலாம்.

"எழுது," என்றாள் பரீதா. "வந்தாலும் பயம், வராட்டியும் பயம். வாங்க எண்டு எழுது. கேட்டது நான்தான் எண்டே இருக்கட்டும்."

எழுதினாள். பரீதா அவளுடைய தோளை இடித்தாள். "உன்ட கேள்வியையும் கேளு. இந்த முற ஒழுங்கா, குறியப் போட்டுக் கேளு."

புஷ்பவதி குறியைப் போட்டாள். இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகுதான் கேள்வியை அடித்தாள்.

வாசலில் கடை முதலாளி கனகசுந்தரம், "பாதைப் படகு இண்டைக்கு அஞ்சு மணியோட நிக்குதாம், பிள்ளையள்," என்று குரல் கொடுத்தார். பரீதா செருப்பை மாட்டினாள், ஆனால் எழும்பவில்லை. இருவரும் திரையையே பார்த்தார்கள்.

அங்கிருந்து ஒரு நட்சத்திரம் வந்தது. நட்சத்திரம் மட்டும். அதற்குப் பின்னால், ஆனந்தராசா இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.