வடு உள்ளவர்களுக்கு மட்டும்

தன் தறியைப் பெரியவளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்ட அன்று சின்னவள் அடுப்பே மூட்டவில்லை.

இருவரும் ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சின்னவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தெருவில் ஒரே பேச்சு: இளையவன் பெண்டாட்டி கிளி மாதிரி, மூத்தவன் பெண்டாட்டி பாவம், அம்மை கொத்திப் போட்ட முகம். துணி ஆலையிலும் அப்படித்தான். ஜன்னலோரத்து வெளிச்சத் தறி சின்னவளுக்கு. கழிவு நூல் கூட்டும் வேலை பெரியவளுக்கு.

அப்புறம் ஊருக்குள் அம்மை வந்தது. முதலாளிக்கு ஆலையை மூட மனசில்லை; நகரசபைக்குத் திறந்து வைக்கப் பயம். உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு தடவை அம்மை போட்டவர்களுக்கு மறுபடி போடாது. ஆகவே வடு உள்ளவர்கள் மட்டும் வேலைக்கு வரலாம், மற்றவர்கள் வீட்டில் இருக்கட்டும். எதைத் தின்று இருப்பது என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

ஒரே வாரத்தில் ஊர் தலைகீழானது. ரொட்டிக் கடையில் வடு இருந்தால் முன்வரிசை. கல்யாணத் தரகர்கூட, "பொண்ணுக்கு வடு இருக்குங்களா?" என்றுதான் வாயைத் திறந்தார்.

"என் தறி எப்படிக்கா இருக்கு?"

"இழை அடிக்கடி அறுந்து போகுதுடி. நீ எப்படித்தான் சமாளிச்சியோ."

"என் கையில ஒரு நாளும் அறுந்ததில்லையே."

"மேஸ்திரியும் அதான் சொன்னாரு. நாலு நாள்ல எனக்கும் பழகிடுமாம்."

பழகிடுமாமே! மறுநாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், சின்னவள் கொண்டை ஊசியை அடுப்பில் காய்ச்சினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையிலும் கழுத்திலும் வரிசையாகச் சூடு வைத்தாள். முகத்துக்குக் கொண்டுபோன கை மட்டும் பாதியில் நின்றது.

"என்னது இது?" என்றான் புருஷன்.

"எண்ணெய் தெறிச்சுது."

"கழுத்து வரைக்குமா தெறிக்கும்?"

"நீங்க ஒரு நாள் சமைச்சுப் பாருங்க, தெரியும்."

மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது. ஆலை வாசலில் போய் நின்றாள்.

"முகத்துல ஒண்ணையும் காணோமே?" என்றார் காவல்காரர்.

"என் முகத்தைப் பார்த்து அம்மையே மயங்கித் திரும்பிப் போயிடுச்சுங்க."

அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். தறி கைக்கு வந்தது. பெரியவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்க்கவும் சின்னவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, மேஸ்திரி வந்தார். "ஊர்ல அம்மை கண்ட எட்டுப் பேரை நகரசபை நம்ம கிடங்குல கொண்டாந்து போட்டிருக்கு. தண்ணி கொடுக்க ஆளில்ல. வடு உள்ளவங்களுக்கு என்ன பயம்? நீங்க ரெண்டு பேரும் போங்க."

கிடங்கு வாசலில் பெரியவள் குறுக்கே நின்றாள்.

"கையைக் காட்டுடி. எண்ணெய் தெறிச்சுதுன்னுதானே வீட்டில சொன்ன? எல்லாம் ஒரே அளவு. எந்த அம்மை இப்படி அளவெடுத்துப் போட்டுச்சு? பேசாம வீட்டுக்குப் போ. நான் வாயே திறக்கல."

"நான் போனா தறி உனக்கு வந்துடுமே, அதானே?"

"உயிர் போயிடும்டி!"

"தள்ளுக்கா." சின்னவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"மேஸ்திரி அண்ணே!" என்று பெரியவள் கத்தினாள். "இவ வடு பொய்! சுட்டுக்கிட்டது!"

மேஸ்திரி ஓடி வந்து கையைப் பார்த்தார். அந்த இடத்திலேயே ஆள் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

"பொறாமைக்காரி! என் தறி மேல கண்ணு வெச்சுக் குழி பறிச்சுட்டியே!" என்று ஆலையே கேட்கச் சின்னவள் அலறினாள்.

பெரியவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, குடத்தோடு கதவைத் திறந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே தரையில் கிடந்தவள் முன்பு சின்னவளுக்குப் பக்கத்துத் தறியில் இருந்தவள். முகத்தில் ஊசி குத்த இடமில்லை. கண் திறக்கவில்லை. சின்னவள் வாசலை விட்டுப் பின்வாங்கினாள்.

நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெரிந்துதான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. போயும் போயும் உயிரைக்கூட இவள் கையிலிருந்தா வாங்கிக்கொள்ள வேண்டும்?

பெரியவள் சாயங்காலம் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"வெந்நீர் இருக்கு," என்றாள் சின்னவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "உனக்குன்னு ஒண்ணும் வைக்கல. அடுப்பு சும்மா எரிஞ்சுது."

"சரிடி. தூரமா வெச்சுட்டுப் போ."

வாளியை வைத்தவள் நகரவில்லை. "தறி?"

"அதுவா? காவல்காரர் அக்கா மகளுக்குக் கொடுத்துட்டாங்க. எனக்கு இனிமே கிடங்குதானாம்."

"அப்ப சரி," என்றாள் சின்னவள். வாய் முந்திக்கொண்டது.

பெரியவள் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.