மஞ்சரி ஆரஞ்சுப் பெண்

கிருபாசங்கர் கையிலிருந்த படம் ஒட்டிய காகிதத்தையும் டெய்சியின் முகத்தையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்தான். பீளமேட்டு மில் ஆபீசில் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்த நேரம். ‘மஞ்சரி ஆரஞ்சு’ குளிர்பானக் கம்பெனியைப் போன மாதம் வாங்கிய பம்பாய்க்காரர்களின் ஆள் அவன்.

“அந்தச் செவுத்து விளம்பரத்துல பாட்டிலோட சிரிக்கறது நீங்கதானுங்களா மேடம்?”

அவள் தலையசைத்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

“பழைய படம் ஒண்ணும் இருக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இனி எல்லாம் டிவி விளம்பரம், கிரிக்கெட் பிளேயருங்க. உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னு ஒரு கையெழுத்து வேணுமுங்க.”

அவளை வரையலாமா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. அப்பா ஜெபமணி அந்தக் கம்பெனியில் வேன் ஓட்டினார். எழுபத்திரண்டில், முதலாளிக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, ஈஸ்டருக்கு எடுத்த போட்டோவை ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கோபியிலிருந்து வெள்ளகோவில் வரை சுவர் சுவராக அவள் நின்றாள். வரைந்தவர் ஒரு பொட்டும் வைத்துவிட்டிருந்தார். சர்ச்சில் பேசினார்கள். நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டார், “சந்தைக்கடைச் செவுத்துல நிக்கற புள்ளை நமக்குச் சரிப்படாதுங்க” என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் பெண் பார்க்க வந்தவர்களும் எங்கேயாவது ஒரு சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். கடைசிவரை அப்பா அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. அவள் அந்தச் சுவர்கள் இருக்கும் வழியாகப் பஸ்ஸில் போவதையே விட்டுவிட்டாள்.

“எல்லாம் அழிச்சாச்சுங்களா?”

“வெள்ளகோவில்ல ஒண்ணு பாக்கிங்க. நாளைக்கு அழிச்சுருவாங்க.”

“காகிதம் இருக்கட்டும். நாளன்னைக்கு வாங்க, தாரேன்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளகோவிலில் போய் இறங்கினாள். சிக்கந்தரின் பெட்டிக்கடைப் பக்கச் சுவர் முழுக்க அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் தாவணியின் நிறம் போயிருந்தது. மேல்வரிசையில் சற்றுக் கோணலான அந்த ஒரு பல்லை மட்டும் வரைந்தவர் அப்படியே விட்டிருந்தார். ஏணியில் நின்ற ஆள் வாளியில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, ஒரு பத்து நிமிசம் பொறுக்க முடியுங்களா?”

அவன் கடைக்காரரைப் பார்த்துவிட்டு, டீ குடிக்க இறங்கிப் போனான். சிக்கந்தர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. சிரிக்கற அம்மணி கடைன்னு சொன்னாத்தான் இங்க ஆளுகளுக்குத் தெரியும். நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ.”

“அது யாருங்க?”

“பெங்களூர்ப் பக்கம் ஒரு நாடகக்காரிங்க. சின்ன வயசுலயே தவறிப்போயிட்டாங்களாமா. பாவம்.”

டெய்சி வாயைத் திறந்தாள். “ஒரு கலர் குடுங்க,” என்றாள். அவர் புதுக் கம்பெனியின் பாட்டிலை உடைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்தவளுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் போல யாரும் இவ்வளவு நேரம் தன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை என்று தோன்றியது.

டீ குடித்துவிட்டு அவன் திரும்பி வந்து ஏணியில் ஏறினான். மேலிருந்து அவளைப் பார்த்து, “ஆரம்பிக்கட்டுங்களா?” என்றான்.

“ம்.”

சிக்கந்தர், “தெறிக்குமுங்க, இப்படி வந்துருங்க,” என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். முதல் பட்டை நெற்றியில் விழுந்தது. வெள்ளைத் தண்ணீர் கண் வழியாகக் கன்னத்தில் வழிந்து, நின்று, மறுபடி வழிந்தது. கோயமுத்தூர் பஸ் வந்தது. கண்டக்டர் அவளை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசிலடித்தார். பஸ் கிளப்பிய புழுதி ஈரச் சுண்ணாம்பின் மேல் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.