கொல்லைப்பக்க ஜன்னல்

நாய்க்குக்கூட அத்தனை ஒழுங்காகச் சோறு வைக்க மாட்டார்கள். செவ்வந்தி தன் பகைக்கு ஒரு வேளை தவறாமல் வைத்து வளர்த்தாள். அந்தப் பகைக்குப் பேர் பஞ்சநதம்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் கடைத்தெருவின் பாதியும் பெரிய நெற்பண்ணையும் அவருடையவை. கடைகளுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் வாய்க்கால் கரை. பண்ணையில் கூலி வேலை செய்த கீழத்தெரு ஆட்கள் முன்வாசலுக்கு வரக் கூடாது. கரையில் நின்று கொல்லைப்பக்க ஜன்னல் வழியாகத்தான் சாமான் வாங்க வேண்டும். கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் வேலையை நிறுத்திய வருஷம், அந்த ஜன்னலையும் அவர் சாத்திவிட்டார். அப்போது சிறுமி செவ்வந்திக்கு அனலாய்க் காய்ச்சல். மாத்திரைக்காக அவள் அம்மா வேம்பு துணிந்து முன்வாசலில் போய் நின்றாள்.

"கொல்லப்பக்கமா வா" என்றார் பஞ்சநதம்.

நம்பிச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் திறக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை கரையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். முன்வாசலில் அவள் நின்ற இடத்தில் சாணி கரைத்துத் தெளித்ததைத் தெருவே பார்த்தது. சாகும்வரை வேம்பு கடைத்தெருவில் கால் வைக்கவில்லை.

ஆட்சிகள் வந்தன, போயின. எந்த மேடையிலும் சமத்துவத்துக்குக் குறைச்சலில்லை. பண்ணை சிறுத்தது, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். "வா செவ்வந்தி" என்று பஞ்சநதம் இப்போது வாய் நிறையக் கூப்பிடுவார். அவள் அவர் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. கீழத்தெரு நடவுப் பெண்களைக் கூட்டிப் போகிறவள் அவள்தான். அவள் சொன்னால் வயலில் இறங்குவார்கள், அவள் சொன்னால் ஏறுவார்கள்.

அப்படியிருக்கையில் கடைத்தெருவைச் சீர்படுத்த ஒரு திட்டம் வந்தது. மக்கள் விருப்பத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம். தையல் கடை ஹலீமா பெண்களுக்குக் கழிப்பறை கேட்டாள். மீன் விற்கும் அம்சம் நிழலுக்குக் கொட்டகை கேட்டாள். பஞ்சநதம் தன் கடைவாசலில் பஸ் நிறுத்தம் கேட்டார். செவ்வந்தியும் பஸ் நிறுத்தம்தான் கேட்டாள், ஆனால் வாய்க்கால் கரையில். பஸ் நிற்கிற பக்கம்தானே வியாபாரம்; கரையில் நின்றால் கடைகளின் கொல்லைதான் இனி முன்வாசல். கழிப்பறைக்கும் கொட்டகைக்கும் இடம் இருந்ததும் கரைப் புறம்போக்கில்தான் என்பதால் ஹலீமாவும் அம்சமும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

கிராமசபையில் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. தலைவர் தியாகராசன் பஞ்சநதத்தின் மைத்துனர்; நாள் குறித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பஞ்சநதத்தின் வயலில் நடவு நடக்கிற அதே நாள், அதே காலை! நடத் தொடங்கிய வயலைப் பாதியில் விட்டு எந்த நடவுக்காரியும் கரையேற மாட்டாள். அது அவர்களுடைய மானம். அந்த மானத்தை நம்பித்தான் கிழவர் கணக்குப் போட்டார்.

காலையில் நாற்றுப் பறித்து, முடிகட்டி, வயலெங்கும் வீசியாயிற்று. ஒரு பெண்ணையும் நட விடாமல் செவ்வந்தி வரப்பில் உட்கார வைத்து வெற்றிலை போடச் சொன்னாள். கண்காணிக்க வேண்டிய பஞ்சநதமோ கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நட ஆரம்பிச்சாத்தானேடி பாதியில ஏறக் கூடாது? ஒரு நாத்துகூட ஊனலயே. வாங்கடி போவலாம்."

முழங்கால் சேற்றோடு அத்தனை பேரும் கூட்டத்துக்குள் நுழைந்தபோது பஞ்சநதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கரைக்காக எழுந்த கைகளை எண்ணிப் பார்க்கத் தியாகராசனுக்குத் தேவையே இருக்கவில்லை; நிறுத்தம் கரைக்கு என்று முடிவாயிற்று. செவ்வந்திக்கு நெஞ்செல்லாம் இனித்தது. ஆனாலும் அவள் வளர்த்த பகையின் பசி அடங்கவில்லை.

பிற்பகலில் பஞ்சநதம் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நாத்து வாடுது. ஆளுங்கள இறக்கிவிடு."

செவ்வந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொல்லப்பக்கமா வாங்க" என்றாள்.

அவருக்கு அந்த வார்த்தை நினைவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனார். செவ்வந்தி உள்ளே போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே செருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்சம் வந்தாள்.

"ஏண்டி, நாத்து என்னாவுறது?"

"காலையில நட்டுருவோம். நாத்து என்ன பண்ணுச்சு, பாவம்."

"அவரு இன்னும் கொல்லயில நிக்கிறாரேடி!"

"நிக்கட்டும்" என்றாள் செவ்வந்தி, சோற்றை வடித்துக்கொண்டே. "எங்கம்மா நின்னா."