வெண்டெரோ கொடுத்த வாக்கு

அமெரிக்கத் தூதரக அதிகாரி வெண்டெல் ஹாஸ்மர் எங்கள் தபுவாரி ஊரை ஏமாற்றிவிட்டார் என்று இந்தத் தீவு முழுக்கச் சொல்வார்கள். பச்சைப் பொய். ஏமாற்றியவள் நான். கைராவா, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள், அவர் வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள்.

மனிதர் இருபத்தாறு வருடம் பசிபிக் தீவுகளிலேயே உழன்றவர். மஜூரோவில் நான்கு வருடம், பொன்பெயில் ஆறு, அப்புறம் ஃபிஜியில் இருந்துகொண்டு எங்கள் கிரிபாஸ் நாட்டையும் சேர்த்துப் பார்த்தார். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரிய பெரிய நாடுகளில் தூதராகிவிட்டார்கள். இவருக்குக் கடைசிவரை அந்தப் பதவி கிடைக்கவில்லை. எங்கள் ஊருக்கு வருடம் ஒரு தடவை படகில் வருவார். வெண்டெல் என்பது எங்கள் வாயில் வெண்டெரோ ஆகிவிட்டது.

முதல் தடவை வந்தபோதே மனேயபாவில், அதுதான் எங்கள் ஊர்க் கூடம், அவருக்கென்று ஒரு பாய் விரித்தோம். தலையில் பூ வைத்தோம், பவுடர் போட்டோம். பெரியவர் நவையா எழுந்து புபுசி கேட்டார். புபுசி என்றால், சொந்தமாக நினைக்கிறவரிடம் வாய்விட்டு ஒன்று கேட்பது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்று சொல்கிறவன் அதற்கப்புறம் ஊரில் மனுஷனே இல்லை.

"கடல் எங்க பபாய்க் குழியத் தொட வந்துடுச்சு வெண்டெரோ. ஒரு சுவர் கட்டிக் குடு."

பபாய்க் கிழங்கு விளையும் குழி போனால் எங்களுக்குச் சோறு போன மாதிரி. ஹாஸ்மர் மெதுவாக என்னிடம் சொன்னார். "வாக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல கைராவா. மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன். நடக்குமான்னு தெரியாது."

நூறு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூவோடும் பவுடரோடும் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான், எனக்கும் தலைகுனிவுதானே? "சரி, ஆகட்டும்னு சொல்றார்" என்றேன். கூடமே கைதட்டியது.

ஒவ்வொரு வருடமும் கேட்பார். "நான் வாக்குக் குடுக்கலைன்னு இவங்களுக்குப் புரியுதுல்ல?"

"நல்லாப் புரியுது சார்."

ஏழாவது வருடம், பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் மேட்டு நிலம் தருகிறோம், வந்துவிடுங்கள் என்றார்கள். நவையா மறுத்துவிட்டார். "வெண்டெரோ சரின்னு சொல்லியிருக்கான். இப்ப நாம கிளம்பினா அவன் சொல்ல நம்பலைன்னுதானே அர்த்தம்? அசிங்கம் புள்ள." அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். நிலம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

பதினோராவது வருடம் பிப்ரவரியில் பெரிய ஓதம் வந்தது, கடல் ஊருக்குள் ஏறிவிட்டது. குழியெல்லாம் உப்பு, கிழங்கு அழுகி நாறியது. கிணறும் கெட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்து நவையாவின் பேத்தி நெயாவா இரண்டே நாள் பேதியில் போய்விட்டாள். மூன்று வயது. என் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற குழந்தை.

அடுத்த மாதம் ஹாஸ்மர் வந்தார். ஓய்வு பெறுகிறார், விடைபெற்றுப் போக வந்திருக்கிறார். பாய் மட்டும் விரித்தார்கள். பூ இல்லை.

நவையா எழவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார். "சுவர் எங்கடா?"

"என்ன கேக்கறார்?" என்றார் ஹாஸ்மர்.

"சுவர் எங்கன்னு. நீங்க சரின்னு சொன்னீங்களாம்."

"நான் எப்பச் சொன்னேன்?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார் போல. முகம் வெளுத்துவிட்டது.

"அந்த முதல் நாளா?"

"ஆமா சார்."

"இப்ப உண்மையச் சொன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"அடிக்க மாட்டாங்க. பேச மாட்டாங்க. என் பிள்ளைங்களோடயும் யாரும் பேச மாட்டாங்க."

"வெள்ளைக்காரன் கூட என்ன குசுகுசுப்பு?" என்று யாரோ கத்தினார்கள்.

ஹாஸ்மர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு. நான்தான் சரின்னு சொன்னேன். கட்டற எண்ணமே எனக்கு இல்ல. பொய் சொன்னேன்."

"சார், வேண்டாம்..."

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லு கைராவா. இந்த ஒரு தடவையாவது."

சொன்னேன். கடவுளே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

நவையா அவரைத் திட்டவில்லை. "அந்தப் பாயச் சுருட்டுங்க" என்றார், அவ்வளவுதான். ஹாஸ்மர் எழுந்து நின்றார், பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். ஒருத்தரும் கூடப் போகவில்லை. நானும் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் தடுமாறிப் படகில் ஏறினார். திரும்பிப் பார்ப்பாரோ என்று பயந்தேன். பார்க்கவில்லை.

இப்போது எங்கள் ஊரில் பொய் சொல்கிறவனுக்கு வெண்டெரோ என்று பெயர். நேற்று என் சின்ன மகள் அக்காவைப் பார்த்து, "போடி வெண்டெரோ" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.